முப்பத்தேழு வயதில் வீணையைத் தொடலாமா?

கேட்டவர் வேளச்சேரியில் இருக்கிறார். வயது 37, மென்பொருள் வேலை. போன மார்கழியில் நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துப்போன வீணைக் கச்சேரியிலிருந்து மனம் அங்கேயே நிற்கிறதாம். சிறுவயதில் ஒரு ஸ்வரம்கூடக் கற்றதில்லை. இந்த வயதில் ஆரம்பிக்கலாமா, வீணையா வயலினா வாய்ப்பாட்டா, ஆன்லைன் வகுப்பு போதுமா, வீணை எங்கே எப்படி வாங்குவது, ஒரு கீர்த்தனை வாசிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

நான் மேடையேறி வாசிப்பவள் அல்ல. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். 39 வயதில் மந்தைவெளியில் ஒரு வீட்டு மாடிப்படி ஏறி முதல் வீணை வகுப்பில் உட்கார்ந்தேன். இப்போது 60. கடந்த சில வருடங்களாக, என்னைப் போல் தாமதமாக வருகிறவர்களுக்கு ஆரம்பப் பாடம் மட்டும் சொல்லிக்கொடுக்கிறேன். வர்ணம் என்ற பெரிய பயிற்சிப் பாடம் வந்ததும் என்னைவிட நன்றாக வாசிப்பவர்களிடம் அனுப்பிவிடுவேன். ஆகவே இங்கே நான் சொல்லக்கூடியதெல்லாம் முதல் இரண்டு மூன்று வருடங்களைப் பற்றித்தான். உங்களுக்கும் இப்போதைக்கு அதுதான் வேண்டும்.

வயது தாண்டிவிட்டதா என்ற கேள்விக்கு "கற்க வயதில்லை" என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் காதுக்கு முப்பத்தேழு வயது. உங்கள் கைக்கு இன்னும் பிறந்தநாளே வரவில்லை. முப்பது வருடங்களாகச் சினிமாப் பாட்டும் கோயில் நாகஸ்வரமும் கல்யாண மண்டபக் கச்சேரியும் கேட்டு வளர்ந்த காது அது. அபஸ்வரம் வந்தால் அதற்குத் தெரிந்துவிடும். ஆனால் அந்த அபஸ்வரத்தை வாசித்தது உங்கள் கையாகவே இருக்கும். ஏழு வயதுக் குழந்தைக்குக் காதும் கையும் ஒன்றாக வளர்கின்றன. தான் வாசிப்பது நன்றாக இல்லை என்று அதற்குத் தெரியாது. தெரியாததால் வெட்கமும் இல்லை. பெரியவர்கள் நான்காவது மாதத்தில் வகுப்பை விட்டு ஓடுவதற்கு நேரமின்மை, திறமையின்மை என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் ஒன்றுதான்: தன் கை எழுப்பும் ஒலியைத் தன் காதால் சகிக்க முடியவில்லை.

என் முதல் வகுப்பில் நான் ஒருத்திதான் பெரியவள். பக்கத்தில் எட்டு வயதுப் பெண் ஒருத்தி. நான் முதல் ஸ்வரப் பயிற்சியான சரளி வரிசையின் மூன்றாவது பாடத்தில் திணறிக்கொண்டிருந்தபோது அவள் அடுத்த படியான ஜண்டை வரிசைக்குப் போய்விட்டாள். ஒருநாள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மாமி, நீங்கள் ஏன் இவ்வளவு பயந்து பயந்து மீட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள். ஆசிரியை அவளை அதட்டினார். ஆனால் அவள் சொன்னதுதான் சரி. தப்பு கேட்டுவிடுமோ என்று தந்தியைத் தொட்டும் தொடாமலும் மீட்டிக்கொண்டிருந்தேன். அன்று இரவு வீட்டுக்கு வந்து, தப்பானாலும் உரக்க மீட்டுவது என்று முடிவு செய்தேன். பாதித் தப்பு அதிலேயே போய்விட்டது. தந்தியை மெட்டோடு (வீணையின் கழுத்தில் குறுக்கே பதித்த பட்டை) சேர்த்து நன்றாக அழுத்தாவிட்டால் அது முனகத்தான் செய்யும். பயந்தவன் விரல் அழுத்தாது.

இந்தக் காது-கை வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் வாத்தியத் தேர்வும் எளிதாகிவிடும்.

வயலின் நம் ஊருக்கு வந்து இருநூறு வருடங்கள் ஆகின்றன. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதை நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். இன்று அது இல்லாமல் கச்சேரியே இல்லை. ஆனால் வயலினில் மெட்டு கிடையாது. விரல் ஒரு நூலிழை தள்ளி விழுந்தாலும் ஸ்வரம் பிசகிவிடும். போதாக்குறைக்கு வில்லைச் சீராக இழுக்கவே பல மாதம் பழக வேண்டும். அந்த மாதங்களில் கதவுக் கீல் சத்தம்தான் வரும். முப்பத்தேழு வயதுக் காதுக்கு இது கடுமையான சோதனை. தாங்குவேன் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கியவர்களையும் எனக்குத் தெரியும். புல்லாங்குழல் விலை மலிவு, பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகலாம். ஆனால் முதலில் ஒலியே வராது. வரத் தொடங்கினால் தலை சுற்றும். மிருதங்கம் அருமையான வாத்தியம். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ் வீட்டுக்காரர் நல்லவராக இருக்க வேண்டும்.

வாய்ப்பாட்டு எல்லாவற்றுக்கும் அடிப்படை என்று சொல்வார்கள். அது உண்மைதான். அதற்காக, வீணை கேட்டு வந்தவரை இரண்டு வருடம் பாடிவிட்டு வா என்று அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. வீணையோடு சேர்த்து அதே பாடத்தைப் பாடிக்கொண்டே வாருங்கள், குரல் எப்படி இருந்தாலும் சரி. பாட முடியாத ஒன்றை வாசிக்கவும் முடியாது என்பது இரண்டாவது வருடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மனம் போனது வீணையில், வீணையையே எடுங்கள். வயது வந்தவருக்கு அது ஒரு சலுகை தருகிறது. அதில் 24 மெட்டுகள் உண்டு. சுருதி சேர்த்து, மெட்டுகளும் சரியாக அமைந்த வீணையில் சரியான மெட்டில் விரலை வைத்தால் முதல் நாளே சரியான ஸ்வரம் வரும். காது சமாதானமாகிவிடும். கஷ்டமெல்லாம் பிறகு கமகத்தில், அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதில் வரும். அதற்குள் உங்களுக்கு வீணை மீது பாசம் வந்திருக்கும், விட்டுவிட மாட்டீர்கள்.

வீணை வாங்குவதற்கு முன், விடாமல் சுருதியை ஒலிக்கும் சுருதிப்பெட்டி வாங்குங்கள். கைப்பேசிச் செயலியும் போதும், ஆனால் கைப்பேசியின் குட்டி ஒலிபெருக்கியில் கீழ் ஸ்வரங்கள் காணாமல் போய்விடும். நல்ல ஒலிபெருக்கியோடு இணைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் வேறு எதுவும் செய்ய வேண்டாம். பத்து நிமிடம் அதைப் போட்டுவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு 'ஸ' என்றும் 'ப' என்றும் மெதுவாகப் பாடிப்பாருங்கள். குரல் சுருதியோடு சேரும் நொடியில் உங்கள் குரல் காணாமல் போனது போல இருக்கும். சேராதபோது காதில் ஒரு அதிர்வு படபடக்கும். நிஜத் தம்புரா எங்காவது கிடைத்தால் கீழ் ஷட்ஜத் ('ஸ') தந்தியை மட்டும் மீட்டி உற்றுக் கேளுங்கள். யாரும் மீட்டாத காந்தாரம் ('க') ஒன்று அதற்குள்ளிருந்து எழும். நான் முதலில் பிரமை என்றுதான் நினைத்தேன்.

ஒரு சின்ன விஷயம்: மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். அதற்கென்று ஒரு சுருதி உண்டு, அது ஒருபோதும் உங்கள் சுருதியோடு சேராது. மே மாதத்துச் சென்னையில் இது தவம்தான். அதனால்தான் நான் காலை ஐந்தரைக்கு உட்காருகிறேன். பக்தியெல்லாம் காரணம் இல்லை.

இப்போது வீணை. புதிது என்றால் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். அதனால் முதல் மூன்று மாதம் வாங்காதீர்கள். வீணை ஆசிரியர்கள் வீட்டில் வகுப்புக்கென்று வீணைகள் இருக்கும். நீங்கள் கையை வீசிக்கொண்டு போகலாம். வீட்டுப் பயிற்சிக்கு வாடகைக்கோ, யார் வீட்டுப் பரணிலாவது தூங்கும் பழைய வீணையோ கிடைக்குமா என்று ஆசிரியரிடமே கேளுங்கள். மயிலாப்பூர், மாம்பலம் பக்கம் எத்தனையோ வீடுகளில், பெண் அமெரிக்கா போன பிறகு போர்வை போர்த்திய வீணை ஒன்று மூலையில் சாய்ந்திருக்கும்.

நான் இந்த புத்தி இல்லாமல் முதலிலேயே ஒரு கடைக்குப் போய் அழகு பார்த்து வாங்கினேன். யாளி முகம், குடத்தைச் சுற்றி வெள்ளைப் பூவேலை, பார்த்தால் கொலு வைக்கலாம் போல இருந்தது. ஆசிரியை ஒரு தந்தியை மீட்டி, நாலு மெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வீணை நன்றாக இருக்கிறது, மேளம்தான் சரியில்லை" என்றார். எனக்குப் புரியவில்லை, மேளம் எங்கிருந்து வந்தது? வீணையின் மெட்டுகளை மெழுகில் பதித்து ஸ்தானம் பிடிப்பதற்கு மேளம் கட்டுவது என்று பெயர். பிறகு அதற்கென்றே ஒருவர் வீட்டுக்கு வந்தார். தேன்மெழுகும் கரியும் கலந்த அந்தக் கறுப்பு மெழுகைச் சூடுகாட்டி இளக்கினார். ஒவ்வொரு மெட்டாக எடுத்து வைத்து, மீட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டு, கடுகளவு நகர்த்தி, மறுபடி மீட்டினார். எந்தக் கருவியும் கையில் இல்லை, காது மட்டும்தான். சாயங்காலம் அவர் எழுந்தபோது அது வேறு வீணையாகியிருந்தது. பூவேலைக்குக் கொடுத்த பணத்தை நினைத்து நான் கொஞ்சம் வருந்தினேன்.

எனவே வாங்கும்போது தனியாகப் போகாதீர்கள்; ஆசிரியரையோ வாசிக்கத் தெரிந்தவரையோ அழைத்துப்போங்கள். பலா மரம்தான் வழக்கம். ஒரே மரத்தில் குடைந்தது ஏகாண்ட வீணை. குடம், தண்டி (கழுத்து), முகப்பு தனித்தனியாகச் செய்து இணைத்தது ஒட்டு வீணை. ஆரம்பத்துக்கு ஒட்டு வீணை தாராளம். தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தப் பெயரைச் சொல்லி விற்பவர்களும் கூடிவிட்டார்கள். பெயரைப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு மெட்டையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாங்கிய பிறகு வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்கவே கூடாது. மெழுகு இளகி மெட்டு சாய்ந்துவிடும். கடற்காற்றுக்குத் தந்தி துருப்பிடிக்கும், வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் ஒரு இழுப்பு துடைத்துவிடுங்கள்.

ஆசிரியர் விஷயத்தில் என் கருத்து பலருக்குப் பிடிக்காது. பெரிய வித்வான் வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் வேண்டும். சென்னையில் மாலை ஆறு மணிக்கு ஒன்றரை மணி நேரம் வண்டியோட்டிப் போய்க் கற்ற கல்வி மூன்றாவது மாதம் மழையில் நின்றுவிடும். வேளச்சேரிக்காரருக்கு ஒரு வசதி உண்டு: பறக்கும் ரயிலில் ஏறினால் மந்தைவெளி, திருமயிலை வரை சிக்னலே இல்லாமல் வந்துவிடலாம். இந்தப் பக்கம் ஆதம்பாக்கம், நங்கநல்லூரிலும் வீட்டில் சொல்லிக்கொடுப்பவர்கள் நிறைய. மயிலாப்பூரில்தான் சங்கீதம் இருக்கிறது என்பது மயிலாப்பூர்க்காரர்களின் நம்பிக்கை. அடையாறிலுள்ள அரசு இசைக் கல்லூரி, திருவான்மியூர் கலாக்ஷேத்ரா போன்ற இடங்களின் முழுநேரப் படிப்புகள் இளைஞர்களுக்கானவை. வேலைக்குப் போகிறவருக்கு வீட்டு வகுப்புதான் சரிவரும்.

முதல் சந்திப்பில் இரண்டு விஷயம் கவனியுங்கள். பெரியவர்களுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறாரா என்பது ஒன்று. பத்துக் குழந்தைகளுக்கு நடுவில் உட்காரவைப்பார் என்றால் வேண்டாம். நான் தப்பிப் பிழைத்தேன், எல்லோரும் பிழைப்பதில்லை. இரண்டாவது, உங்கள் தப்பைத் தானும் வாசித்துக் காட்டித் திருத்துகிறாரா, வாயால் மட்டும் "தப்பு, திரும்ப" என்கிறாரா என்பது. வாயால் திருத்துபவரிடம் பத்து வருடம் படிக்கலாம், ஒன்றும் வராது. பாடல்களையெல்லாம் ஸ்வரப்படுத்திய நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, பார்த்து வாசித்துக்கொண்டு வாருங்கள் என்பவரிடமும் கவனமாக இருங்கள்.

பாடம் எங்கே தொடங்கினாலும் ஒரே இடம்தான்: மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. சுமார் ஐந்நூறு வருடங்களுக்கு முன் புரந்தரதாசர் வகுத்துத் தந்ததாக மரபு சொல்லும் வரிசை இது. உலகத்தில் உள்ளதெல்லாம் இருக்க, வாயில் நுழையாத பெயருள்ள இந்த ராகம் எதற்கு என்று நானும் முணுமுணுத்தேன். வீணையில் வைத்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. முதல் தந்தியை ஒன்றும் தொடாமல் மீட்டினால் 'ஸ'. முதல் மெட்டில் 'ரி'. இரண்டு மெட்டைத் தாண்டி நான்காவதில் 'க'. அடுத்த மெட்டிலேயே, ஐந்தாவதில், 'ம'. ஏழாவதில் 'ப'. இப்போது திரும்பப் பாருங்கள்: பக்கத்து மெட்டு எட்டில் 'த', இரண்டைத் தாண்டிப் பதினொன்றில் 'நி', பக்கத்திலேயே பன்னிரண்டில் மேல் 'ஸ'. ஒட்டி ஒன்று, தாண்டி ஒன்று, ஒட்டி ஒன்று. மேல் பாதியும் அப்படியே. கீழ்ப்பாதியில் விரல் கற்றது மேல்பாதியில் தானாக வரும். பக்கத்து ஸ்வரத்தின் நெருக்கமும் தூரத்து ஸ்வரத்தின் விலகலும் ஒரே ராகத்தில் காதுக்குப் பழகிவிடும். இவ்வளவு யோசித்துப் போட்ட பாடத்திட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரளி, ஜண்டை, தாட்டு, மேல்ஸ்தாயி, அலங்காரம் என்று படி ஏறும். ஒவ்வொன்றையும் மூன்று காலத்தில் வாசிக்க வேண்டும்: ஆதி தாளத்தின் ஒரு அட்சரத்துக்கு (ஓர் எண்ணிக்கைக்கு) முதலில் ஒரு ஸ்வரம், பிறகு இரண்டு, பிறகு நான்கு. எல்லோரும் மூன்றாம் காலத்தைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். நான் சொல்கிறேன், முதல் காலம்தான் கடினம். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் அவ்வளவு இடைவெளி. அந்த இடைவெளியில் நாதம் அறுந்துபோகாமல், கை அவசரப்படாமல் காத்திருக்க வேண்டும். அலுவலகப் பழக்கம் உள்ளவருக்கு இது நரகம். என்னிடம் வந்த ஒருவர் முதல் காலத்தை எப்போதும் ஒன்றரைக் காலமாகவே வாசிப்பார். தாளத்தைக் கையால் போடச் சொன்னேன். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. அந்தக் கையும் ஓடியது. கடைசியில் அவரோடு தெருவில் நடந்துகொண்டே, இரண்டடிக்கு ஓர் அட்சரமாகப் பாடவைத்தேன். நாலு தெரு சுற்றியதும் நிதானம் வந்தது.

வீணையில் தாளத்துக்கும் தந்தி உண்டு. வாசிக்கும் தந்திகள் நான்கு. அவற்றுக்குப் பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மாறி மாறி மீட்ட, சுண்டுவிரல் அந்த மூன்றையும் தட்டித் தாளம் காட்ட வேண்டும். இது வரும் வரை மூளையில் ஏதோ கோளாறு என்று தோன்றும். ஒருநாள் திடீரென்று வந்துவிடும். எப்படி வந்தது என்று தெரியாது. இடது கை விரல் நுனியில் தந்தி கோடு போடும், முதல் மாதம் வலிக்கும். கொஞ்சம் தேங்காய் எண்ணெயைத் தொட்டுக்கொண்டால் விரல் வழுக்கிக்கொண்டு ஓடும். கோடு காய்ப்பாகிவிட்டால் வலி போய்விடும். கைப்பேசித் திரை மட்டும் அந்த விரலைச் சில சமயம் அடையாளம் கண்டுகொள்ளாது.

இணையத்தில் படித்து வருபவர்களிடம் ஒரு பழக்கம் பார்க்கிறேன். 'ஸ' நிற்காது, ஆனால் 72 மேளகர்த்தாவும் (தாய் ராகங்கள்) மனப்பாடம். எழுத்தை எண்ணாக்கும் கடபயாதி முறையில் 'மா' ஐந்து, 'யா' ஒன்று, திருப்பிப் போட்டால் பதினைந்து, ஆகவே மாயாமாளவகௌளை பதினைந்தாவது மேளகர்த்தா என்று விளக்குவார்கள். சுவையான கணக்குதான், நானும் ரசிப்பேன். வாசிப்புக்கு அதனால் ஒரு பைசா லாபம் இல்லை.

சரளிக்கும் கீதம் என்ற எளிய முதல் பாட்டுக்கும் நடுவில் பெரியவர்களுக்கு ஒரு வறட்சி வரும். ஆறேழு மாதமாக ஸ்வரமே வாசித்து, வீட்டார் "இன்னும் பாட்டு வரவில்லையா?" என்று கேட்கும் காலம் அது. அப்போது கொடுப்பதற்கென்றே முத்துசுவாமி தீட்சிதர் ஒரு பொருள் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்: நோட்டுஸ்வர சாகித்யங்கள், ஏறத்தாழ நாற்பது. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டைப் பக்கம் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஐரோப்பியப் பாட்டு மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் (பாடல் வரிகள்) போட்டார். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டில்தான் 'சந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. அசைவில்லாத நேர் ஸ்வரங்கள், கமகம் கிடையாது. மூன்று வாரத்தில் ஒரு முழுப் பாட்டு கைக்கு வந்துவிடும். வீட்டாரும் வாயை மூடிக்கொள்வார்கள். சில ஆசிரியர்கள் இதைப் பெரியவர்களுக்குக் கொடுப்பதில்லை, குழந்தைகளுக்குத்தான் என்பார்கள். நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

பிறகு மலஹரியில் 'ஸ்ரீகணநாத' கீதம். வீணையில் நீங்கள் பழகிய அதே மெட்டுகள்தான். 'நி' முழுக்கப் போய்விடும், ஏறும்போது 'க'வும் வராது. இரண்டு ஸ்வரத்தை ஒதுக்கியதும் வேறு முகம் வந்துவிடுகிறதே என்ற ஆச்சரியம் அங்கேதான் முதலில் தட்டும். பிலஹரி ஸ்வரஜதி, மோகன வர்ணம் என்று அதன் பிறகு போகும்.

கமகம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஆன்லைன் கேள்விக்கு விடை அதில் இருக்கிறது. தோடி ராகத்தை எழுதிக்காட்டினால் 'க' என்று ஓர் எழுத்துதான் இருக்கும். அந்த மெட்டில் விரலை வைத்து நேராக மீட்டினால் தோடி வராது. ரிஷபத்துக்கும் ('ரி') மத்தியமத்துக்கும் ('ம') நடுவில் ஊசலாடிக்கொண்டே இருக்கும் அசைவுக்குத்தான் தோடியில் காந்தாரம் என்று பெயர். வீணையில் தந்தியை மெட்டின் மீதே பக்கவாட்டில் இழுத்து இந்த அசைவைக் கொண்டுவர வேண்டும். எவ்வளவு இழுப்பது, எங்கே தளர்த்துவது என்பது எந்த நோட்டிலும் இல்லை. எதிரே உட்கார்ந்து, ஆசிரியர் விரலைப் பார்த்து, அவரோடு சேர்ந்து இழுத்து இழுத்துத்தான் வரும். காணொளி அழைப்பில் ஒலி தாமதித்து வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்கவே முடியாது. இன்னொரு வேடிக்கை: அந்தச் செயலிகள் விடாமல் ஒலிக்கும் தம்புராவை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டிவிடுகின்றன. சங்கீதத்தின் அஸ்திவாரத்தையே குப்பை என்று தள்ளும் இயந்திரம்! அமைப்புகளுக்குள் போய் இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்கள் அப்படித்தான் கற்கிறார்கள், நன்றாகவும் கற்கிறார்கள். சென்னையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஏன் அப்படிக் கற்க வேண்டும்? ஊருக்குப் போகும் வாரத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தினம் அரை மணி போதும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்டலாம் என்று நினைத்தால் இடுப்புதான் பிடித்துக்கொள்ளும். சம்மணமிட்டு உட்கார்ந்து, தண்டியின் மறுமுனையிலுள்ள சுரைக்காயை இடது தொடை மீது வைத்து, குடத்தைத் தரையில் சாய்த்து வாசிக்கும் வாத்தியம் இது; நாற்காலிக்குப் பழகிய உடம்புக்கு உட்காருவதே முதல் பாடம். மாதம் ஒருமுறை வாசிப்பதை ஒலிப்பதிவு செய்து வையுங்கள், ஆனால் உடனே கேட்காதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கேளுங்கள்.

கேட்பதற்குச் சென்னையைப் போல ஊர் இல்லை. மார்கழியில் சபாக்களின் காலை, மதியக் கச்சேரிகள் பலவற்றுக்கு டிக்கெட் கிடையாது. வாசிப்பவர்கள் பெரும்பாலும் இளைஞர்கள். நிதானமாகவும், குருவிடம் கற்ற பாடம் பிசகாமலும் வாசிப்பார்கள். முன்வரிசையே காலியாக இருக்கும். கேண்டீன் கூட்டம் மட்டும் எப்போதும் நிரம்பியிருக்கும், அது வேறு கலை. வீணைக் கச்சேரி என்றால் வாசிப்பவரின் இடது கை தெரியும்படி உட்காருங்கள். ராகம் தெரியவில்லையே என்று வெட்கப்படாதீர்கள். பக்கத்தில் தலையாட்டுபவர்களில் பாதிப்பேருக்கும் தெரியாது. தொடையில் தாளம் மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள். பட்டுப்புடவைக் கூட்டத்தில் நாம் யாரோ என்று சிலருக்குத் தோன்றுவதுண்டு, எனக்கும் தோன்றியது. உட்கார இடம் இருந்தால் உட்காரும் உரிமையும் இருக்கிறது.

கீர்த்தனை எப்போது? வாரம் இரண்டு வகுப்பு, தினம் அரை மணி என்றால் கீதத்துக்கு ஒரு வருடம், வர்ணத்துக்கு இரண்டரை, மூன்று வருடம், அதை ஒட்டிச் சிறிய கீர்த்தனை. இது என் மாணவர்களை வைத்துச் சொல்லும் கணக்கு. அந்தக் கட்டம் வந்ததும் முதல் கீர்த்தனையாகத் தமிழ்ப் பாட்டு ஒன்றைக் கேளுங்கள். பாபநாசம் சிவனோ கோபாலகிருஷ்ண பாரதியோ, எதுவானாலும் சரி. மொழிப்பற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. வீணையில் சாகித்யத்தின் எழுத்து எங்கே விழுகிறதோ அங்கே மீட்டு விழ வேண்டும். எழுத்து நீளும் இடத்தில் மீட்டாமல் இடது கையாலேயே ஸ்வரத்தை ஓட்ட வேண்டும். பொருள் தெரிந்த சொல்லை யாரும் நடுவில் உடைக்க மாட்டார்கள். பொருள் தெரியாத தெலுங்குச் சொல்லை நான் மூன்று வருடம் தப்பான இடத்தில் உடைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். ஆந்திராவிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்.

விஜயதசமிக்குக் காத்திருக்க வேண்டாம். அன்று எல்லா வகுப்பிலும் கூட்டம். உங்களைக் கவனிக்க ஆசிரியருக்கு நேரமிருக்காது. சாதாரண செவ்வாய்க்கிழமை ஒன்றில் வெற்றிலை பாக்கு பழத்தோடு போங்கள். தரையில் வசதியாக உட்காரும்படி உடுத்திக்கொள்ளுங்கள். போவதற்கு முன் இடது கை நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள், வலது கையில் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் வெட்டாமல் விட்டுவையுங்கள்.